புது பேட்டரி மாட்டியும் கார் கிளம்பலையா?

எனக்கு வயது 36. பத்தாவது வரை படித்தவள். என் கணவர், நூற்பாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். மாமியாருக்கு சிறுநீரகம் பழுதாகி, வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்ய வேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரி, 18 கி.மீ., தூரம். பஸ்சில் போய் வந்தால் துவண்டு விடுகிறார் என்று, கடன் வாங்கி, பழைய கார் ஒன்றை வாங்கினோம். கணவருக்கு இரவு ஷிப்ட் வரும் நாட்களில் ஓட்ட ஆள் வேண்டுமே என்று, நானும் கற்று, லைசென்ஸ் எடுத்தேன்.

மழைக்காலத்தில் ஒருநாள், காலை 5:00 மணிக்கு அத்தையை பின் சீட்டில் உட்கார வைத்து, சாவியைத் திருகினேன். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவு தான். அன்று ஆட்டோ பிடித்துப் போனோம். மெக்கானிக் வந்து, 'பேட்டரி போயிடுச்சும்மா...' என்றார். சீட்டுப் பணத்தில், 4,500 ரூபாய்க்கு புது பேட்டரி போட்டோம்.

பதினைந்தே நாள்... மறுபடியும் அதே, 'டக்!'

இந்த முறை மெக்கானிக், 'ஸ்டார்ட்டர் மோட்டார் போச்சு. 6,000 ரூபாய் எடுத்து வைங்க...' என்று சொல்லிப் போய் விட்டார். கையில் காசு இல்லை. என் கை தானாக காதுத் தோட்டைத் தடவியது. அதைப் பார்த்த அத்தை, 'எனக்காக இன்னும் எவ்வளவு தான் செலவு பண்ணுவீங்க... இந்த ஒரு தடவை போகாட்டித்தான் என்ன?' என்றார். ஒருமுறை தவறினாலும் ஆபத்து என்று, டாக்டர் எச்சரித்திருந்ததால், எனக்கு அழுகையே வந்து விட்டது.

எதிர் வீட்டு பெரியப்பா, பஸ் டிப்போவில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். விஷயம் கேட்டு வந்தவர், 'கண்ணு... ஆறாயிரம் குடுக்கறதுக்கு முன்னாடி, பத்து நிமிஷம் குடு...' என்றார். தானே செய்யாமல், என்னையே செய்ய வைத்தார்.

முதலில், தங்க வளையலைக் கழற்றி, தாலிச் சங்கிலியை ஜாக்கெட்டுக்குள் போடச் சொன்னார். பேட்டரியின் பிளசிலும், இரும்பிலும் சேர்ந்து பட்டால், வளையல் பழுத்து, கை வெந்து விடுமாம். பேட்டரியிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கும் என்பதால், பக்கத்தில் தீக்குச்சியும் உரசக் கூடாது.

மீட்டரை பேட்டரியில் வைத்தேன், 12.6 வோல்ட் காட்டியது. 'பேட்டரி நல்லாத்தான் இருக்கு. ஹெட்லைட் போட்டு சாவியைத் திருகு...' என்றார். லைட் மங்கவில்லை, 'டக்' மட்டும் வந்தது. 'இதனால தான், மோட்டார் போச்சுன்னு சொல்லியிருக்கார். ஆனா, மோட்டாருக்கு கரன்ட் போய்த் திரும்புதான்னு பாக்கலையே...' என்றார்.

மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனசிலும், இன்னொன்றை இன்ஜின் இரும்பிலும் வைக்கச் சொல்லி, அவர் சாவியைத் திருகினார். அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டிய இடத்தில், 4 வோல்ட் காட்டியது. மைனசிலிருந்து இன்ஜினுக்குப் போகும் எர்த் ஒயரின் உறையை விலக்கினால், உள்ளே கம்பியெல்லாம் பச்சை பிடித்து இற்றுக் கிடந்தது.

'அப்புறம் எப்படி பெரியப்பா லைட் மட்டும் பளிச்சுன்னு எரியுது?' என்று கேட்டேன். 'லைட்டுக்கு எர்த் வேற ஒயர் வழியாப் போகுது. அதுவுமில்லாம, ஒரு ஹெட்லைட் பல்புக்கு 5 ஆம்பியர் போதும். ஸ்டார்ட்டருக்கு, 100 ஆம்பியருக்கு மேல வேணும். துருப்பிடிச்ச குழாயில சொம்பு ரொம்பும்; குடம் ரொம்புமா?' என்றார். புது பேட்டரியின் தெம்பில் பதினைந்து நாள் ஓடியிருக்கிறது.

ஜம்பர் கேபிளால், மைனசையும், இன்ஜின் இரும்பையும் இணைத்து சாவியைத் திருகினோம். வண்டி உடனே கிளம்பி விட்டது! அத்தை முகத்தைப் பார்க்க வேண்டுமே... புது எர்த் ஒயருக்கு ஆன செலவு, 350 ரூபாய் தான்.

பெரியப்பா சொன்னதை, நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். தோழிகளுக்கும் உதவுமே:

* சாவி போட்டதும் எந்த லைட்டும் எரியாவிட்டால்: பேட்டரி இறங்கியிருக்கலாம், இல்லையேல் டெர்மினல் கழன்றோ, மெயின் ப்யூஸ் போயோ இருக்கலாம்.

* 'டிக் டிக் டிக்' என்று வேகமாக அடித்தால்: பேட்டரியில் சார்ஜ் குறைவு அல்லது டெர்மினல் லூஸ். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி, 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால், பாதி தான் இருக்கிறது என்று அர்த்தம்.

* ஒரே ஒரு, 'டக்' வந்து, லைட் மங்காவிட்டால்: ஸ்டார்ட்டர் மோட்டாராகவும் இருக்கலாம், எங்களுக்கு நேர்ந்தது போல ஒயராகவும் இருக்கலாம். ஒயரை முதலில் பாருங்கள்.

* இன்ஜின் நன்றாகச் சுற்றியும் பிடிக்காவிட்டால்: பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். பெட்ரோலோ, ஸ்பார்க்கோ வரவில்லை. சாவியை விடாமல் திருகிக் கொண்டே இருந்தால், நல்ல ஸ்டார்ட்டரும் சூடாகிக் கெட்டு விடும்.

* ஓடும்போது பேட்டரியில், 13.5 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால், ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை. புது பேட்டரி போட்டாலும், அதுவும் இறங்கி விடும்.

டெர்மினலில் வெள்ளையாகவோ, பச்சையாகவோ பூத்திருந்தால், ஆப்ப சோடாவை தண்ணீரில் கரைத்து, பழைய பிரஷால் தேய்த்தால், நுரைத்துக் கொண்டு போய் விடும். பேட்டரி மூடிக்குள் மட்டும் அந்தத் தண்ணீர் இறங்கக் கூடாது. சுத்தம் செய்து, துடைத்து, முடுக்கியதும், கொஞ்சம் வாசலின் தடவுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில். மாட்டும்போது மைனஸ் கடைசியில்!

மெக்கானிக்கை நான் குறை சொல்லவில்லை. சோதிக்காமல் மாற்றியது தான் தப்பு. இப்போது, 400 ரூபாய்க்கு ஒரு மீட்டர் வாங்கி, சமையலறை டிராயரில் வைத்திருக்கிறேன். 'உனக்கு எதுக்கு இதெல்லாம்...' என்று சிரித்த என் கணவர், போன வாரம், பக்கத்து வீட்டுக்காரர் கார் நின்றபோது, 'என் வீட்டுக்காரியைக் கூப்பிடறேன், இருங்க...' என்றார்.

தோழிகளே... 'இதை மாத்தணும்' என்று யார் சொன்னாலும், பணத்தை எடுப்பதற்கு முன், 'மீட்டர் வச்சுப் பாத்தீங்களா... எவ்வளவு காட்டுச்சு?' என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியை நான் முதலிலேயே கேட்டிருந்தால், என் சீட்டுப் பணம் தப்பித்திருக்கும்.

— ஒரு வாசகி, ஈரோடு மாவட்டம்.