‘முடியாது’ என்பதை எப்போது சொல்வது?

நியூசிலாந்தில் பாலியல் தொழில் குற்றமல்ல. 2003இல் நாடாளுமன்றத்தில் 60க்கு 59 என்ற கணக்கில், மயிரிழையில் நிறைவேறிய சட்டம் அதைச் சாத்தியமாக்கியது. விடுதி முதலாளி என்று யாரும் இல்லாமல், தானே விளம்பரம் கொடுத்து, தானே பேசி, தானே கட்டணம் வாங்கித் தனியாகத் தொழில் செய்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு வரவேற்பறையில் ஆள் கிடையாது, வாசலில் காவலாளி கிடையாது. முன்பின் தெரியாத ஒருவர் வரும்போது, எதற்குச் சம்மதம், எதற்கு இல்லை என்பதைத் தாங்களேதான் சொல்லியாக வேண்டும்.

அதில் பெரும்பகுதி, ஆளை நேரில் பார்க்கும் முன்பே முடிந்துவிடுகிறது. விளம்பரத்திலேயே கட்டணம், நேரம், செய்யாதவை எல்லாவற்றையும் எழுதிவிடுவது முதல் படி. அடுத்தது தொலைபேசிப் பேச்சு. குறுஞ்செய்தியில் எல்லாரும் நல்லவர்கள்தான். குரலில்தான் குடி தெரியும், எரிச்சல் தெரியும். எண்ணை மறைத்து அழைப்பவர், பெயர் கேட்டால் மழுப்புபவர், எழுதியிருக்கும் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுபவர், ‘இது செய்வதில்லை’ என்று சொன்ன பிறகும் அதையே வேறு வார்த்தையில் கேட்பவர் ஆகியோரை அனுபவமுள்ளவர்கள் அந்த இடத்திலேயே தவிர்த்துவிடுகிறார்கள். பேரம் பேசுவது குற்றமா என்று தோன்றலாம். இல்லை. ஆனால் பத்து டாலருக்கு விடாப்பிடியாக நிற்பவர், அறைக்குள் வந்தபின் மற்றவற்றுக்கும் அப்படியே நிற்பார் என்பது அவர்கள் கணக்கு. எனக்கும் அது சரியென்றே படுகிறது.

மறுக்கும்போது காரணம் சொல்லாமல் இருப்பது நல்லது. ‘இன்று உடம்பு சரியில்லை’ என்றால் ‘அப்படியானால் நாளைக்கு’ என்பார். ‘மன்னிக்கவும், என்னால் முடியாது’ என்பதோடு நிறுத்தினால் பேச்சு வளர இடமில்லை. பெண்களுக்கு இது எளிதில் வருவதில்லை; மறுத்துவிட்டு உடனே சமாதானம் சொல்லும் பழக்கம் நமக்குச் சிறுவயதிலேயே வந்துவிடுகிறது.

ஆணுறை விஷயத்தில் காரணம் தேட வேண்டியதே இல்லை. அந்த 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, பாதுகாப்பான முறையைக் கடைப்பிடிக்கும் கடமையைத் தொழிலாளி, வாடிக்கையாளர் இருவர் மேலும் வைக்கிறது. மீறினால் 2,000 டாலர் வரை அபராதம். ‘கூடுதலாகத் தருகிறேன்’ என்பவருக்கு ‘சட்டம் விடாது’ என்ற பதில் தயாராக இருக்கிறது.

சந்திப்பு நாளில் செய்பவை எளியவை, ஆனால் விடாமல் செய்ய வேண்டியவை. கட்டணத்தைத் தொடக்கத்திலேயே வாங்கிவிட வேண்டும். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி வைக்க வேண்டும். குறித்த நேரத்தில் அழைப்பு வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் அவரோடு முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். முதல் சந்திப்புக்குக் குறுகிய நேரம் போதும். தொழிலுக்குத் தனி எண், தனிப் பெயர். வீட்டு முகவரியோ பிள்ளைகள் பற்றிய பேச்சோ வேண்டாம். நள்ளிரவில் ‘சாப்பிட்டாயா?’ என்று கரிசனமாக வரும் செய்திக்குக்கூட எல்லை உண்டு. கட்டணம் தந்த ஒரு மணி நேரத்துக்கு வெளியே அவர் அந்நியர்தான்.

எல்லாம் சரியாகப் போய், நடுவில் ஏதோ சரியில்லை என்று பட்டால்? இங்கேதான் அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு வருகிறது. என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும் எந்த நேரத்திலும் மறுக்கலாம், தொடங்கியதை நிறுத்தலாம். ஒப்புக்கொண்டு வந்தார் என்பதாலேயே அது உடலுறவுக்கான சம்மதம் ஆகிவிடாது. வாடிக்கையாளருக்கு இழப்பு என்றால் பணத்தைக் கேட்டு வழக்காடலாம். உடலைக் கேட்க முடியாது. இரண்டையும் இவ்வளவு தெளிவாகப் பிரித்ததுதான் அந்தச் சட்டத்தின் பெரிய சாதனை என்பேன். ஒரு பாலியல் தொழிலாளியின் சம்மதமில்லாமல் ஆணுறையைக் கழற்றிய வாடிக்கையாளர் ஒருவரை 2021இல் அந்நாட்டு நீதிமன்றம் வல்லுறவுக் குற்றவாளி என்று தீர்ப்பளித்துச் சிறைக்கு அனுப்பியது. ‘காசு கொடுத்தேனே’ என்பது அங்கே எடுபடவில்லை.

ஓட்டையும் இருக்கிறது. அதே சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, தற்காலிக விசாவில் வந்தவர்கள் இந்தத் தொழில் செய்ய முடியாது. தெரிந்தால் நாடு கடத்தப்படலாம். ‘குடியேற்றத் துறைக்குச் சொல்லிவிடுவேன்’ என்று மிரட்டும் வாடிக்கையாளரிடம் அவர்களுடைய ‘முடியாது’ வலுவிழந்து போகிறது. பாலியல் தொழிலாளர்கள் சேர்ந்து 1987இல் தொடங்கிய அமைப்பு, இந்தப் பிரிவை நீக்கச் சொல்லி நெடுநாளாகக் கேட்டுவருகிறது.

இன்னொன்று, தனியாக இருப்பதா, சேர்ந்து இருப்பதா என்பது. அங்கே நான்கு பேர் வரை, யாரும் யாருக்கும் முதலாளியாக இல்லாமல், உரிமச் சான்று எதுவும் இன்றி ஒரே வீட்டில் தொழில் செய்யலாம். புதியவர் வரும்போது பக்கத்து அறையில் ஒரு தோழி இருப்பதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறு எது?

நம் இந்தியாவில் பாலியல் தொழில் செய்வது தன்னளவில் குற்றமாகாது. தானாக விரும்பித் தொழில் செய்யும் வயதுவந்தவர்களைக் காவல்துறை தொல்லை செய்யக்கூடாது என்றும், பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களுக்கு உடனே மருத்துவ உதவி கிடைக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் உத்தரவிட்டது. ஆனால் இந்தத் தொழில் தொடர்பான 1956ஆம் ஆண்டின் சட்டம் அப்படியே இருக்கிறது. அதன்படி, இரண்டு பெண்கள் தங்கள் பரஸ்பர ஆதாயத்துக்காக ஒரே வீட்டில் இந்தத் தொழிலைச் செய்தாலே அது விபசார விடுதி. பாதுகாப்புக்காகத் தோழியைக் கூட வைத்துக்கொள்வதைக் குற்றமாக்கும் அந்த வரையறையை முதலில் மாற்ற வேண்டும்.