திரும்பி வரும்போது யார் ஓட்டுவது?

மே மாத விடுமுறையில் மும்பை விக்ரோலியின் கன்னம்வார் நகரிலோ தாகூர் நகரிலோ எந்த வீட்டுப் பிள்ளையைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: இமேஜிகா. கோபோலியிலிருந்து பாலி போகும் சாலையில் 2013 ஏப்ரலில் திறந்த தீம் பார்க் அது. மறு வருடம் வாட்டர் பார்க் சேர்ந்தது, 2016இல் பனிப் பூங்கா. விக்ரோலியிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர். போவதா வேண்டாமா என்ற பேச்சு அரை மணியில் முடிந்துவிடும். எப்படிப் போவது என்பதுதான் ஒரு வாரம் இழுக்கும். சொந்தக் காரா, குடியிருப்புச் சொசைட்டியின் பிக்னிக் பஸ்ஸா?

அப்பா கார் என்பார். சொசைட்டி செயலாளர் பஸ்ஸுக்குத் தலைக்கு இவ்வளவு என்று நோட்டுப் போட்டு வசூலிக்கத் தொடங்கியிருப்பார். இரண்டு பக்கமும் போடும் கணக்கு காலையைப் பற்றியது. எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம், எத்தனை ரைடு கூடுதலாக ஏறலாம் என்பதோடு அது நின்றுவிடும். இந்தக் கணக்கை இரவிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும் என்பது என் கட்சி. காரணம் சொல்கிறேன். அதற்கு முன் காலையின் கணக்கையும் பார்த்துவிடலாம், அதிலும் சுவாரஸ்யம் இருக்கிறது.

பஸ்ஸின் மேல் உள்ள முதல் குற்றச்சாட்டு, நேரத்துக்குக் கிளம்பாது என்பது. இதில் யாருடைய சோம்பேறித்தனமும் பெரிதாக வேண்டியதில்லை, நிகழ்தகவே போதும். பஸ்ஸில் 12 குடும்பங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குடும்பமும் பத்துக்கு ஒன்பது முறை சொன்ன நேரத்துக்கு வந்துவிடும் நல்ல குடும்பம். அப்படியும் 12 குடும்பமும் ஒருசேர நேரத்துக்கு வந்து நிற்க எவ்வளவு வாய்ப்பு? 0.9ஐ 12 முறை பெருக்கினால் 0.28 வருகிறது. பத்து பிக்னிக்கில் மூன்றுகூட நேரத்துக்குக் கிளம்பாது. யாராவது ஒருவர் வீட்டில் கேஸ் அடைத்தோமா என்று பார்க்க மறுபடி மாடி ஏறியிருப்பார். கார்க்காரருக்குக் காத்திருக்க வேண்டியது ஒரே ஒரு குடும்பத்துக்கு. அது பத்துக்கு ஒன்பது.

இன்னொரு வகை பஸ் இருக்கிறது. அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தில் 1971இல் திறந்த டிஸ்னி வேர்ல்ட் ஒரு நகரம் அளவுக்குப் பரந்தது. அதன் விடுதிகளில் தங்குபவர்களைப் பூங்காக்களுக்குக் கொண்டுபோக நிர்வாகமே பஸ் விடுகிறது. அங்கே போகும் குடும்பங்களும் இதே சண்டையைப் போடுகின்றன: வாடகைக் கார் எடுப்பதா, விடுதி பஸ்ஸே போதுமா? 20 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் சராசரியாக 10 நிமிடம் நிற்க வேண்டியிருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். பஸ் கடிகாரம் மாதிரி வந்தால் அது சரி. ஒரு பஸ் 5 நிமிடத்திலும் அடுத்தது 35 நிமிடத்திலும் மாறி மாறி வந்தால்? இடைவெளியின் சராசரி அதே 20தான். ஆனால் நீங்கள் நிறுத்தத்துக்குப் போகும் நேரம் அந்த 35 நிமிட இடைவெளிக்குள் விழவே வாய்ப்பு அதிகம், ஏனென்றால் அதுதான் நீளமானது. கணக்குப் போட்டால் சராசரிக் காத்திருப்பு 15 நிமிடத்துக்கும் மேல். பஸ்கள் தாறுமாறாக வந்தால் அது 20 நிமிடத்தையே தொடும். கணிதத்தில் இதைக் காத்திருப்பு முரண்பாடு என்பார்கள். மும்பையின் பெஸ்ட் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பஸ்கள் ஏன் தாறுமாறாக வருகின்றன என்பதற்கும் விளக்கம் உண்டு. 1964இல் நியூவெல், பாட்ஸ் என்ற இருவர் அதைக் கணக்கில் காட்டினார்கள். ஒரு பஸ் கொஞ்சம் தாமதமானால் அடுத்த நிறுத்தத்தில் கூடுதல் ஆட்கள் சேர்ந்திருப்பார்கள். அவர்களை ஏற்றுவதில் இன்னும் தாமதமாகும். பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஆட்கள் குறைவு என்பதால் அது விரைந்து வந்து முன்னதை ஒட்டிக்கொள்ளும். ஒரு மணி நேரம் ஒன்றும் வராமல் பிறகு மூன்று ஒன்றாக வருவது டிரைவர்கள் கூடிப் பேசிச் செய்த சதி அல்ல. பாவம், அவர்கள் அதற்கும் சேர்த்துத் திட்டு வாங்குகிறார்கள்.

காருக்கு இந்தக் காத்திருப்பு இல்லை, சரி. அதன் காத்திருப்பு சாலையில் இருக்கிறது.

விக்ரோலியிலிருந்து கிழக்கு விரைவு நெடுஞ்சாலையைப் பிடித்து, ஐரோலி பாலம் தாண்டி, நவி மும்பை வழியாகக் கலம்போலி போனால் மும்பை–புணே விரைவுச் சாலை தொடங்குகிறது. சனிக்கிழமைக் காலையில், அதுவும் திங்கள்கிழமையும் விடுமுறை என்றால், லோனாவாலா போகிற கூட்டம் மொத்தமும் அதில்தான். இமேஜிகாவுக்குப் போகிறவர் போர் காட் மலை ஏறப் போவதில்லை, கோபோலியிலேயே விலகிவிடுவார். அவருக்கென்ன கவலை என்று தோன்றும். நெரிசலின் இயற்பியல் அவரை விடாது. 2008இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். சிக்னல் இல்லை, குழி இல்லை, விபத்து இல்லை. சிறிது நேரத்தில் தானாகவே ஓரிடத்தில் கார்கள் நிற்கத் தொடங்கின. அந்த அடைசல் வண்டிகள் போகும் திசைக்கு எதிராக, மணிக்கு சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது. மலையில் ஒரு லாரி மூச்சு வாங்கி நின்றால், அதன் விளைவு இப்படியே அலையாகக் கீழே இறங்கி, மலைப் பக்கமே போகாதவரையும் வந்து மறிக்கும்.

அந்த மலைப் பாதையில் ஆங்கிலேயர் காலத்துப் பாலம் ஒன்று இருந்தது. அதன் மேல் இருந்த விளம்பரத்தால் அதற்கு அம்ருதாஞ்சன் பாலம் என்றே பெயர். 1893இல் பம்பாயில் பிறந்து பிறகு சென்னைக்கு வந்துவிட்ட நம் தலைவலித் தைலம்தான். பாலத்தின் தூண்கள் போக்குவரத்தை நெரித்ததால் 2020 ஏப்ரலில், ஊரடங்கில் சாலை காலியாக இருந்தபோது அதை இடித்துவிட்டார்கள். தலைவலி போனதாகத் தெரியவில்லை.

நெரிசலில் பஸ்ஸும்தானே மாட்டுகிறது என்று கேட்கலாம். மாட்டுகிறது. ஆனால் நெரிசலை உண்டாக்குவதில் அதன் பங்கு சிறிது. சாலைப் பொறியாளர்கள் ஒரு பஸ்ஸை ஏறத்தாழ மூன்று காராகக் கணக்கிடுவார்கள். அந்த 12 குடும்பமும் 12 காரில் போனால் சாலையில் 12 பங்கு இடம், பஸ்ஸில் போனால் 3. இதைச் சொல்லி யாரையும் காரிலிருந்து இறக்க முடியாது என்று எனக்குத் தெரியும். முன்னால் உள்ள 11 காரும் பஸ்ஸாக மாறட்டும், நான் மட்டும் காரில் வருகிறேன் என்பதுதான் எல்லோருடைய ஆசையும். அரசும் அந்த ஆசைக்கு எண்ணெய் ஊற்றுகிறது. 2024 அக்டோபர் நடுவில் மும்பையின் ஐந்து நுழைவாயில் டோல் நாக்காக்களிலும் கார்களுக்குக் கட்டணம் ரத்தானது. ஐரோலியும் அதில் அடக்கம். 45 பேரை ஏற்றிவரும் தனியார் சுற்றுலா பஸ்ஸுக்கு அந்தச் சலுகை இல்லை. இது தலைகீழ் நியாயம்.

புகைக் கணக்கு கொஞ்சம் நெளிவானது. போகவர 140 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் கார் 9 லிட்டருக்குச் சற்று மேல் குடிக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு. ஆக மொத்தம் 21 கிலோ, நான்கு பேர் போனால் தலைக்கு 5 கிலோவுக்குச் சற்று மேல். பஸ் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றால் 35 லிட்டர் டீசல், 94 கிலோ வாயு. 45 பேர் நிறைந்திருந்தால் தலைக்கு 2 கிலோ. 15 பேர்தான் வந்தார்கள் என்றால் தலைக்கு 6 கிலோவைத் தாண்டிவிடும், நிறைந்த கார் அதைவிடத் தேவலை. நிறைந்த பஸ்தான் பசுமை. ஆள் பிடிக்கும் செயலாளரை இனிக் கேலி செய்யாதீர்கள்.

பஸ்ஸில் பிள்ளைகளுக்கு வாந்தி வரும் என்பது தாய்மார்களின் வாதம். அதில் உண்மை இருக்கிறது. உள்காது அசைவை உணர்கிறது, கண் எதிரிலுள்ள சீட்டின் முதுகையே பார்த்து அசைவில்லை என்கிறது. இந்த முரண்தான் குமட்டலாகிறது. டிரைவருக்கு ஏன் வருவதில்லை? வளைவு வருமுன்பே அவருக்குத் தெரியும். ஜன்னலோரம், முன்வரிசை, தொலைவில் பார்வை, இவை உதவும். கையில் எலுமிச்சம்பழமும் இருக்கட்டும், நம் பாட்டிகளோடு நான் வழக்காடத் தயாரில்லை.

இப்போது இரவுக்கு வருகிறேன்.

பிள்ளைகளை எழுப்பி, இட்லி கட்டி, ஆறரைக்குள் கிளம்ப வேண்டுமென்றால் வீட்டில் ஐந்து மணிக்கு விழிப்பு. பகல் முழுக்கக் கொங்கண வெயில், வரிசையில் நிற்றல், தண்ணீரில் ஆட்டம். மாலை அணிவகுப்பையும் பார்த்துவிட்டு, வெளியே வந்து, காரைத் தேடிப் பிடித்து, வழியில் சாப்பிட்டு மறுபடி ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது மணி ஒன்பதரை, பத்து. விழித்து 17 மணி நேரம். இந்த எண்ணை நினைவில் வையுங்கள். 1997இல் ஆஸ்திரேலியாவின் டாசன், ரீட் இருவரும் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே ஆட்களை ஒருநாள் தூங்கவிடாமல் வைத்தும், இன்னொரு நாள் மது கொடுத்தும், கையும் கண்ணும் எவ்வளவு ஒத்துழைக்கின்றன என்று அளந்தார்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்கியிருந்தது. நம் மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் வரம்பு 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். ஒரு சொட்டும் குடிக்காத அப்பா, குடித்து ஓட்டுபவரின் நிலையில் வண்டியை எடுக்கிறார். போலீஸ்காரர் ஊதச் சொல்லும் கருவி தூக்கத்தைக் காட்டாது.

இதில் மோசமானது குட்டித் தூக்கம். கண் திறந்தபடியே மூளை சில விநாடி அணைந்துபோகும், தூங்கியவருக்கே அது தெரியாது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 28 மீட்டர். நான்கு விநாடியில் 110 மீட்டர், ஒரு கிரிக்கெட் மைதானத்தின் குறுக்களவுக்குச் சற்றுக் குறைவு, யாரும் ஓட்டாமல் ஓடுகிறது. பின்சீட்டில் எல்லோரும் தூங்கியிருப்பார்கள். பேச்சுத் துணைக்கும் ஆள் இல்லை. ஜன்னலைத் திறப்பது, பாட்டை உரக்க வைப்பது எல்லாம் சில நிமிடத்துக்குத்தான். காபி உடம்பில் ஏற இருபது, முப்பது நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் வண்டியை முறையான நிறுத்தத்தில் ஓரம் கட்டிக் கண்ணை மூடினால் இரண்டுக்கும் பலன் உண்டு. சாலையோரத்தில் நிறுத்தித் தூங்குவது மட்டும் வேண்டாம்.

2016இல் இதே விரைவுச் சாலையில் 151 பேர் இறந்தார்கள். சேவ்லைஃப் அறக்கட்டளையும் சாலை வளர்ச்சிக் கழகமும் போலீஸும் சேர்ந்து தடுப்புகளைச் சீராக்கி, ஆபத்தான இடங்களைத் திருத்திய பிறகு, 2020இல் அது 66 ஆனது. 2020 ஊரடங்கு ஆண்டு என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சாலையைத் திருத்தலாம், தூக்கத்துக்குத் தடுப்புச் சுவர் கிடையாது.

அப்படியானால் பஸ்தான் சரியா? பஸ் டிரைவரும் ஆள்தானே. அவர் உங்களுக்கு முன்னால் நான்கு மணிக்கே எழுந்தவர். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேர வேலை, அதுவும் ஓய்வையும் சேர்த்து 12 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும் என்று வகுத்தது. காலை ஆறுக்குக் கிளம்பி இரவு பதினொன்றுக்கு விக்ரோலி திரும்பும் பிக்னிக் பஸ் இந்த வரம்புக்கு வெளியேதான் ஓடுகிறது. ஒரே ஒரு வித்தியாசம்: அவர் ராட்டினம் ஏறவில்லை. நாம் ஆடிக்கொண்டிருக்கும் பகலில் அவருக்கு நான்கைந்து மணி நேரம் சும்மா கிடைக்கிறது. அதில் அவர் தூங்குகிறாரா, கொதிக்கும் பஸ்ஸில் கிடந்து புழுங்குகிறாரா என்பதில்தான் 45 பேரின் பாதுகாப்பு இருக்கிறது.

ரயிலையும் சொல்லாமல் விடக்கூடாது. விக்ரோலியில் ஸ்லோ லோக்கல் ஏறி, தாணேயில் கோபோலி வண்டிக்கு மாறலாம். கோபோலியிலிருந்து சில கிலோமீட்டர் ஆட்டோ. மலிவு, யாரும் ஓட்ட வேண்டாம். ஆனால் கர்ஜத்துக்கு அப்பால் ஒற்றைப் பாதை, வண்டிகள் குறைவு. ஒன்றைத் தவறவிட்டால் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பிளாட்பாரத்தில் நிற்க வேண்டும். கல்லூரிப் பிள்ளைகளுக்கு இதுவே முதல் வழி.

குடும்பங்களுக்கு என் தீர்ப்பு இது. ஓட்டத் தெரிந்தவர் இருவர் இருந்து, ஒருவர் பிற்பகலில் ஒரு மணி நேரம் நிழலில் படுத்துவிட ஒப்புக்கொண்டால் காரில் போங்கள். பூங்காவை ஒட்டிய ஹோட்டலில் இரவு தங்கி மறுநாள் காலை திரும்புபவர்களுக்கும் கார் சரி. ஒரே ஒருவர்தான் ஓட்ட வேண்டும், அவரும் பிள்ளைகளோடு எல்லா ரைடும் ஏறுவார் என்றால் பஸ்ஸில் பெயர் கொடுங்கள். சொசைட்டி செயலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வசூல் நோட்டில் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: டிரைவருக்கு மதியச் சாப்பாடு, விசிறி உள்ள ஓர் அறை.