வந்த புரவியை வாழவைத்தல்

குதிரை கொள்வதற்குப் பொன் வேண்டும். கொண்ட குதிரையைக் குடியமர்த்துவதற்கு அறிவும் பொறுமையும் வேண்டும். பொன்னிருந்தும் இவ்விரண்டும் இல்லாவிடின் நேர்வது யாது என்பதை மன்னார்க் குடாக்கடலின் வரலாறு நன்கு எடுத்துரைக்கின்றது.

தமிழரசர்க்குக் குதிரை பெரும்பாலும் கடல்வழி வந்த செல்வமாகும். காவிரிப்பூம்பட்டினத்துக்கு நீர்வழியே வந்த புரவிகளைப் பட்டினப்பாலை கூறும்; நாவாய்களில் வந்த குதிரைகளை மதுரைக்காஞ்சியும் குறிக்கும். பாண்டியனுக்குக் குதிரை வாங்கும்பொருட்டுப் பொன்னோடு சென்ற மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் தடுத்தாட்கொள்ளப்பட்ட வரலாற்றையும், நரி பரியாகிய திருவிளையாடலையும் அறியாத தமிழ் மாணவர் இலர்.

13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வணிகம் உச்சநிலை எய்தியிருந்தது. மன்னாருக்கு எதிர்க்கரையில், தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்தை அடுத்து விளங்கிய காயல் துறைமுகத்துக்கு ஓர்மூஸ், கிஷ், ஏடன் ஆகிய இடங்களிலிருந்து குதிரைக் கலங்கள் வந்தன. இக்கரையிலும் இந்தியாவின் பிற துறைமுகங்களிலுமாக ஆண்டுதோறும் 10,000 குதிரைகள் இறக்குமதியாயின என்றும், குதிரை ஒன்றன் விலை 220 செம்பொன் தினார் என்றும், வழியில் இறந்த குதிரைக்கும் அரச கருவூலத்திலிருந்தே விலை கொடுக்கப்பட்டது என்றும் பாரசீக வரலாற்றாசிரியராகிய வஸ்ஸாப் எழுதியுள்ளார்.

இவ்வளவு பொன் கொடுத்துப் பெற்ற குதிரைகள் என்னவாயின? அக்காலத்தில் இக்கரைக்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, அரசுரிமை பூண்ட உடன்பிறந்தார் ஐவரும் தனித்தனியே ஆண்டுக்கு ஈராயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினர் என்றும், ஆண்டிறுதியில் நூறு குதிரைகளும் எஞ்சவில்லை என்றும் குறிக்கின்றார். வழிப்போக்கர் கூற்றாதலின் எண்களைச் சற்றுக் குறைத்துக் கொண்டாலும் செய்தியின் கொடுமை குறைவதன்று. குதிரை பேணும் முறையறிந்தார் இந்நாட்டில் இலர் என்பதும், அத்தகையோர் இங்கு வாராதபடி வணிகர் தடுத்தனர் என்பதும் அவர் காட்டும் காரணங்கள். குதிரைகள் இறக்க இறக்க வணிகர்க்கு ஊதியமன்றோ? சோற்றோடு இறைச்சி கலந்து ஊட்டினர் என்றும் அவர் கூறுகின்றார்.

வஸ்ஸாப் கூறுவது இன்னும் வியப்புக்குரியது. வறுத்த வாற்கோதுமையையும், வெண்ணெயிட்டுச் சமைத்த தானியத்தையும் உண்பித்து, காய்ச்சிய பசுப்பாலைப் பருகக் கொடுத்தனராம். உடல் கொழுக்கவேண்டும் என்று கயிற்றாலும் முளையாலும் பிணித்து நாற்பது நாள் லாயத்தில் நிறுத்தினராம். இவற்றைச் செய்தவர் கொடியவர் அல்லர். விருந்தினர்க்குச் சோறும் நெய்யும் பாலும் படைக்கும் நம் பண்பையே குதிரையிடத்தும் காட்டினர். ஆயின், குதிரை மனிதன் அன்று. பொருந்தா அன்பு அதற்கு நஞ்சாயிற்று.

இதன் காரணத்தை இன்றைய கால்நடை மருத்துவம் விளக்குகின்றது. உடலின் பருமனை நோக்கக் குதிரையின் இரைப்பை மிகச் சிறிது. நாள் முழுதும் சிறிது சிறிதாகப் புல் மேய்தலே அதன் இயல்பு. உண்டதைக் கக்கவும் அதனால் இயலாது. புல்லின் நாரைச் செரிக்கச் செய்பவை அதன் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள். உணவு திடீரென மாறினால் அவை நிலைகுலையும். கடும் வயிற்றுவலி தோன்றும். குளம்பினுள் அழற்சி உண்டாகிக் குதிரை நிற்கவும் இயலாது துன்புறும். ஆதலின், பழைய இடத்தில் உண்ட தீனியையே சில நாட்களுக்குக் கொடுத்து, புதியதை அதனோடு சிறிது சிறிதாகக் கலந்து, ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் மாற்றுதல் வேண்டும்.

இளங்குதிரைக்கே இத்துணைக் கவனம் வேண்டுமெனின், இருபது அகவை கடந்த முதுகுதிரைக்குக் கூறவேண்டுமோ? தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது பழமொழி. முதுகுதிரையைப் பொறுத்தவரை அது பொருந்தாது. விலைக்கு வந்ததாயினும் தானமாக வந்ததாயினும் அதன் பல்லை முதலிற் பார்த்தல் வேண்டும். குறை காண்பதற்கன்று, உணவை அறிவதற்கு. தேய்ந்தும் கூர்முனை எழுந்தும் உள்ள பற்களால் அது புல்லை அரைக்க மாட்டாது. மென்ற புல்லை உருண்டையாக வாயிலிருந்து உதிர்க்கும். மிருக வைத்தியர் அம்முனைகளை அராவிச் சீர்செய்வர். அதன்பின்னும் மெல்ல இயலாதாயின், தீனியை ஊறவைத்து மென்மையாக்கிக் கொடுத்தலே வழி.

நீரும் அவ்வாறே. குதிரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 முதல் 50 லீற்றர் வரை நீர் பருகும். சுவை மாறிய நீரைப் புதிதாக வந்த குதிரை சில வேளை தொடாது. தொடாவிடின் குடல் இறுகும். கிணற்று நீர் உவர்க்கும் கடற்கரைகளில் இதனை நாள்தோறும் கவனித்தல் கடன். மணற்பாங்கான மன்னாரில் மற்றுமோர் இடர் உண்டு. தரையிற் போட்ட தீனியோடு மணலும் உட்சென்று குடலில் தங்கி வலி விளைக்கும். தீனியைத் தொட்டியிலோ பாயின்மீதோ இட்டால் இவ்விடர் பெரிதும் குறையும்.

வந்தவுடன் பிற விலங்குகளோடு விடாது இரண்டு மூன்று வாரம் தனித்து வைத்து, நோயும் குடற்புழுவும் உண்டோவெனப் பார்த்தல் வேண்டும். தனித்து வைத்தல் தனிமைப்படுத்திவிடுதல் அன்று. குதிரை கூட்டமாக வாழும் உயிர். தன் இனத்தைத் தொலைவிலேனும் காணுதல் அதற்கு ஆறுதலாகும். பின்னர் வேலிக்கு இப்புறமும் அப்புறமுமாக நிறுத்தி, பழகியபின் ஒன்றுசேர்த்தலே முறை.

இவையெல்லாம் மன்னார்த் தீவினர்க்கு எதன்பொருட்டு என வினவலாம். இங்கே தெருவெங்கும் காணப்படுவது குதிரையன்று, கழுதை. பள்ளிமுனையின் பெருக்கமரத்தைப் போலவே கழுதையையும் அரபு வணிகர் கொணர்ந்தனர் என்பது இத்தீவின் மரபு வழக்கு. பொதி சுமந்த காலத்தில் அதற்கு உரியவர் இருந்தனர். மோட்டார் ஊர்திகள் பெருகியபின் அது எவர்க்கும் உரியதன்றித் தெருவில் அலைகின்றது. குப்பையிற் கிடக்கும் பிளாஸ்டிக்கைத் தின்கின்றது. இரவில் ஊர்தி மோதி வீழ்கின்றது. அவற்றின் நலங்கருதிப் பிரிட்ஜிங் லங்கா என்னும் அமைப்பு மன்னாரிலே கழுதைகளுக்கென மருத்துவ நிலையமும் கல்வி நிலையமும் நிறுவியது.

கழுதையும் குதிரைக் குடும்பத்தைச் சேர்ந்ததே. முதிர்ந்த கழுதை ஒன்றின்மேல் இரக்கம் கொண்டு வீட்டுக்கு அழைத்து வருபவர் என்ன செய்கின்றார்? முற்றத்தில் தனியே கட்டுகின்றார். எஞ்சிய சோற்றை நிறைய இடுகின்றார். அன்று பாண்டியன் லாயத்தில் நடந்ததும் இதுவே. கழுதை தன் துணையோடு இறுகப் பிணைந்து வாழ்வது. துணையைப் பிரிந்தால் உண்ணாது நிற்கும். உண்ணாவிடின் உடற்கொழுப்பு குருதியிற் பெருகிச் சில நாட்களிலேயே உயிர் போதலும் உண்டு. இரண்டாக வாழ்ந்தவற்றை இரண்டாகவே அழைத்து வருதல் அறம். முரட்டுப் புல்லும் வைக்கோலும் நிழலும் நீருமே அதற்கு விருந்து.

இனி, புதிதாக வந்த விலங்கு குடியமர்ந்துவிட்டது என்பதை எவ்வாறு அறிவது? உண்பது ஓர் அடையாளமே. எனினும் அது போதாது. குதிரை நின்றவாறே கண்ணயரும். ஆழ்ந்த உறக்கத்துக்கோ படுத்தல் வேண்டும். படுத்த குதிரை பகைவர்க்கு எளிய இரையாதலின், அச்சம் நீங்காத இடத்தில் அது பல நாள் படுப்பதே இல்லை. முதுகுதிரைக்கு மூட்டுவலியும் சேர்ந்துகொள்ளும். ஆதலின் மெத்தென்ற தரையும், கட்டற்று அசையும் இடமும், இரவில் அமைதியும், நாள்தோறும் மாறாத வேளையில் தீனியும் அதற்கு வேண்டும். ஒருநாட் காலையில் அதன் விலாவிலும் பிடரியிலும் வைக்கோலோ மணலோ ஒட்டியிருக்கக் காண்போமாயின், அது இரவில் படுத்து உறங்கியது என்பது தெளிவு. நாற்பது நாள் முளையிற் பிணித்து நெய்யும் பாலும் ஊட்டியோர்க்கு வாய்க்காத வெற்றி அது.

போர்க்காலத்தில் ஊரையும் வீட்டையும் இழந்து அலைந்து, மீண்டும் குடியேறிய மக்கள் வாழும் மாவட்டம் இது. கூரையும் உணவும் மட்டும் குடியமர்வு ஆகா என்பதை அவர்க்குப் பிறர் கற்பித்தல் வேண்டா. அவ்வறிவை நம் தெருவில் நிற்கும் வாயில்லா உயிர்க்கும் நாம் வழங்குவோமாக.