பேஸ் கிட்டாருக்குள் புகுந்த 50 ஹெர்ட்ஸ்

இளையராஜா பாடல்களில் சசிதரனும், ரஹ்மான் பாடல்களில் கீத் பீட்டர்ஸும் வாசித்ததைக் கேட்டுத்தான் சென்னையில் பலருக்குப் பேஸ் கிட்டார் மேல் ஆசை வந்தது. வேளச்சேரி அடுக்குமாடி வீட்டுக்கு வந்து சேரும் முதல் பேஸ் பெரும்பாலும் விலை குறைந்ததாகவே இருக்கும். ஆம்ப்பில் சொருகியதுமே 'ம்ம்ம்' என்று இரைகிறது. கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது, கையை எடுத்தால் மறுபடி வருகிறது. அதற்காகக் கிட்டாரே மட்டம் என்று மூலையில் சாத்திவிடாதீர்கள்.

அந்த இரைச்சல் வருவது நம் வீட்டு மின்சாரத்திலிருந்து; அதன் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். பேஸின் தடித்த 'இ' கம்பியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்தினால் 49, நான்காம் ஃப்ரெட்டில் 51.9. இரண்டுக்கும் நடுவே, எந்தச் சுருதியிலும் சேராமல் சுவருக்குள் ஓடும் மின்சாரம் உட்கார்ந்திருக்கிறது! அமெரிக்காவில் அது 60 என்பதால் ஆறாம், ஏழாம் ஃப்ரெட்டுகளுக்கு நடுவே போய்விடும்.

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி, தலைமுடி அளவு மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியது. எஃகுக் கம்பி அதிர்ந்தால் காந்தப்புலம் மாறும். சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். 1831இல் ஃபாரடே கண்டறிந்த விதிதான். அதே விதிப்படி, பக்கத்திலுள்ள டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலமும் சுருளில் ஏறிக்கொள்கிறது. வீட்டு வயர்களின் மின்புலம் தனி. நம் உடம்பே ஆண்டெனா மாதிரி அதை வாங்கிக் கிட்டாருக்குத் தருகிறது. கம்பிகள் பிரிட்ஜ் வழியாகக் கிரவுண்டோடு இணைந்திருப்பதால், தொட்டதும் உடம்பும் கிரவுண்டாகி இரைச்சல் தணிகிறது.

புதுப் பிக்கப் வாங்குமுன் காப்பர் டேப்புக்குச் செலவு செய்யுங்கள் என்பதே என் கட்சி. வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறிச் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினால், டேப் வாங்க எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு நடக்கிற தூரம். கம்பிகளைக் கழற்றி மூடியைத் திறந்தால், வயர்கள் கிடக்கும் குழி தெரியும். அதன் அடியிலும் சுவர்களிலும் இடைவெளியின்றி டேப்பை ஒட்ட வேண்டும். பல டேப்புகளில் பசை மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே துண்டும் துண்டும் சேரும் இடங்களில் ஒரு துளி சால்டர் வையுங்கள். மல்டிமீட்டரின் இரு முனைகளை எதிரெதிர் மூலைகளில் வைத்தால் 'பீப்' வர வேண்டும். பிறகு ஒரு வயரால் டேப்பை வால்யூம் பொட்டென்ஷியோமீட்டரின் முதுகோடு இணையுங்கள். ஜாக்கின் சிக்னல் முனை டேப்பில் பட்டுவிட்டால் சத்தமே வராது.

செம்பு மின்புலத்தைத்தான் தடுக்கும். 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் அதை ஊடுருவிவிடும். அந்தக் காந்தப்புலத்தை வெல்ல, எதிர்த்திசையில் சுற்றிய இன்னொரு சுருளும் எதிர்முனைக் காந்தமும் வேண்டும். இரைச்சல்கள் ஒன்றையொன்று அழிக்கும், இசை மட்டும் கூடும். 1957இல் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸின் பிக்கப்பை இரண்டாகப் பிளந்தது இந்த வழியில்தான். இரண்டு பிக்கப் உள்ள பல பேஸ்களில் இரு வால்யூமையும் முழுதாகத் திறந்தாலே இது நடக்கும்.

இவ்வளவுக்கும் முன்னால் ஆம்ப்பின் மூன்று பின் பிளக்கையும் வீட்டு எர்த்தையும் சோதியுங்கள். கம்பி மேலுள்ள உங்கள் விரல் அந்த எர்த்தோடு நேரடியாக இணைந்திருக்கிறது. எர்த் சரியில்லாத வீட்டில், எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை பேஸைச் சொருக வேண்டாம்.