கதவைத் தட்டுபவர் அண்டை வீட்டாரா?

நோணாங்குப்பத்தில் நமக்கு அறிமுகமான ஒரு குடும்பம். ஒரு நாள் மஃரிப் நேரம். வீட்டுக்காரர் தொழுகைக்குப் போயிருந்தார். வாசலில் ஒரு இளைஞர் மூச்சிரைக்க வந்து நின்றார்.

“அக்கா, பின் தெருவுல புதுசா குடி வந்திருக்கோம். அம்மா மயக்கம் போட்டு விழுந்துட்டாங்க. ஆட்டோவுல ஏத்தி வச்சிருக்கேன். கையில காசு இல்ல. ஒரு 1,500 ரூபாய் இருந்தா கொடுங்க, ராத்திரியே கொண்டு வந்து தர்றேன்.”

பின் தெரு வீட்டு உரிமையாளரின் பெயரையும் அவர் சரியாகச் சொன்னார். அந்தச் சகோதரி யோசிக்காமல் பணத்தைக் கொடுத்துவிட்டார். இரவு யாரும் வரவில்லை. மறுநாள் காலை, அந்தத் தாயாரைப் பார்த்து வரலாம் என்று தூக்குவாளியில் கஞ்சியோடு பின் தெருவுக்குப் போனார். அங்கே அப்படி ஒரு குடும்பமே இல்லை. அந்த வீட்டில் இருந்தவர்கள் இரண்டு வருடங்களாகக் குடியிருக்கும் ஒரு வயதான தம்பதி. அவர்களை அன்றுதான் இவர் முதன்முதலாகப் பார்க்கிறார்.

விஷயம் இத்தோடு முடியவில்லை. சில வாரங்கள் கழித்து ஓர் இரவில் அதே மூதாட்டி, கணவருக்கு நெஞ்சு வலி என்று உண்மையாகவே வந்து கதவைத் தட்டினார். கதவைத் திறக்க இவருக்குக் கை வரவில்லை. வீட்டுக்காரர் எழுந்து வந்துதான் திறந்தார். “1,500 ரூபாய் போனது பரவாயில்லை ஹஜ்ரத், அன்றைக்குத் திறக்காமல் நின்றேனே, அதுதான் உறுத்துகிறது” என்று நம்மிடம் சொன்னார்.

ஏமாற்றுக்காரன் கொண்டு போனது பணத்தை மட்டுமா என்று நாம் யோசிக்க வேண்டும்.

எப்படி ஏமாற்றுகிறார்கள்?

புதுச்சேரி - கடலூர் சாலையில், சுண்ணாம்பாற்றை ஒட்டிய ஊர் நோணாங்குப்பம். படகுக் குழாமுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளால் வெளியூர் முகங்கள் அங்கே சகஜம். வாடகைக்கு வருவோரும் காலி செய்வோருமாகத் தெருக்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. “புதுசா குடி வந்திருக்கோம்” என்ற ஒரு சொல்லை இப்படிப்பட்ட ஊரில் யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். இன்று எந்த ஊரின் புறநகருக்கும் இது பொருந்தும்.

இவர்களின் முதல் ஆயுதம் அவசரம். விசாரிக்க நமக்கு நேரம் தர மாட்டார்கள். இரண்டாவது பாதி உண்மை. வாசல் பெயர்ப்பலகையிலிருந்தும் பெட்டிக்கடையில் ஐந்து நிமிடம் நின்று பேசியதிலிருந்தும் கிடைத்த பெயர்களை வைத்தே உறவு கொண்டாடுவார்கள். மூன்றாவது சிறிய தொகை. 500, 1,000 ரூபாய்க்கு யாரும் காவல் நிலையம் வரை போவதில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

சிலர் பணம் கேட்பதே இல்லை. தண்ணீர் கேட்பார்கள், நாம் உள்ளே திரும்பும் நேரத்தில் கூட வந்தவர் வேலையை முடித்துவிடுவார். “போன் சார்ஜ் இல்லை, ஒரு கால் பண்ணிக்கிறேன்” என்று கைபேசியை வாங்கி, நமக்கு வரும் அழைப்புகள் வேறு எண்ணுக்குப் போகும்படி மாற்றிவிடும் மோசடியும் உண்டு. அதன் வழியாக ஓ.டி.பி. அவர்கள் கைக்குப் போய்விடும். “பணத்தை ஜிபேயில் போட்டுவிட்டேன், கையில் ரொக்கம் கொடுங்கள்” என்று போலி ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டுவோரும் இருக்கிறார்கள்.

விசாரிப்பது கல்நெஞ்சம் அல்ல

“கேட்டு வந்தவரிடம் விசாரிப்பது பாவம் இல்லையா?” என்று சிலர் நம்மிடம் கேட்கிறார்கள். யாசிப்பவரை விரட்டக் கூடாது என்று ‘வள்ளுஹா’ அத்தியாயம் கட்டளையிடுவது உண்மை. விரட்டுவது வேறு, விசாரிப்பது வேறு.

கபீஸா பின் முகாரிக் (ரலி) என்ற நபித்தோழர் கடன் பொறுப்பு ஒன்றை ஏற்றுக்கொண்டு, உதவி கேட்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். யார் யாருக்கு யாசகம் கேட்க அனுமதி உண்டு என்பதை நபியவர்கள் அப்போது விளக்கினார்கள். வறுமையில் விழுந்தவர் என்றால், அவருடைய சமூகத்தைச் சேர்ந்த விவரமறிந்த மூன்று பேர் அதை உறுதிப்படுத்த வேண்டும் என்பதும் அதில் அடக்கம். ஸஹீஹ் முஸ்லிமில் இந்த ஹதீஸ் உள்ளது.

ரமளான் ஜகாத் பொருளுக்குக் காவலாக நின்ற அபூஹுரைரா (ரலி) அவர்களிடம், உணவை அள்ளி அகப்பட்டவன் “நான் ஏழை, பிள்ளைகுட்டிக்காரன்” என்று கெஞ்சித்தான் இரண்டு முறை தப்பினான். அவன் பொய் சொன்னான், மீண்டும் வருவான் என்று நபியவர்கள் எச்சரித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்களின் இரக்கத்தை அவர்கள் கண்டிக்கவில்லை. ஏமாந்தவர்கள் இதில் ஆறுதல் கொள்ளலாம். தெரியாமல் திருடனுக்குத் தர்மம் செய்தவரின் தர்மமும் வீணாகவில்லை என்பதை புகாரியின் இன்னொரு ஹதீஸ் காட்டுகிறது.

‘அந்நூர்’ அத்தியாயம் இன்னொரு ஒழுங்கையும் கற்றுத் தருகிறது. அனுமதி பெறாமல் பிறர் வீட்டில் நுழையக் கூடாது. திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டும். ஆகவே, தனியாக இருக்கும் ஒரு பெண் கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகப் பேசினால், அதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

என்ன செய்யலாம்?

பணத்துக்குப் பதிலாக உதவியையே கொடுங்கள். “அம்மாவுக்கு மயக்கமா? இதோ 108க்குப் போன் போடுகிறேன், பக்கத்து வீட்டு அண்ணனையும் கூப்பிடுகிறேன்” என்று சொல்லுங்கள். 108 ஆம்புலன்ஸ் இலவசம். உண்மையில் தேவையுள்ளவர் நிம்மதி அடைவார், மற்றவர் நழுவிவிடுவார்.

கைபேசியைக் கொடுக்காதீர்கள். எண்ணைக் கேட்டு நீங்களே அழைத்து, ஸ்பீக்கரில் போட்டுப் பேசச் சொல்லுங்கள். பணம் வந்ததா என்பதை உங்கள் கணக்கில் பாருங்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையே இல்லை.

வெளியூர் ஜமாஅத்தின் லெட்டர்பேடோடு ஜும்ஆவுக்குப் பின் நிற்பவர்கள் விஷயத்தில், கடிதத்தில் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பாமல், அந்த மஹல்லாவின் எண்ணை நிர்வாகிகள் தாமே தேடி எடுத்து விசாரிக்க வேண்டும்.

ஏமாந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். 112க்குச் சொல்லுங்கள், பணம் இணையவழியில் போயிருந்தால் உடனே 1930க்கு அழையுங்கள். மோசடிக்கு நாம் ‘420’ என்று சொல்லிப் பழகிய சட்டப்பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு. ஆள்மாறாட்ட மோசடிக்கு 319ஆம் பிரிவு உள்ளது. நீங்கள் புகார் செய்யாவிட்டால், அதே ஆள் நாளை அடுத்த தெருவில் நிற்பான்.

ஆனால் முன்பின் தெரியாத ஒருவரைப் படமெடுத்து ‘திருடன், உஷார்’ என்று வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வதந்தியை நம்பிய கூட்டம் அவர்களைத் தாக்கியதில் ஒரு மூதாட்டி உயிரிழந்தார். ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரியுங்கள் என்ற ‘அல்ஹுஜுராத்’ அத்தியாயத்தின் கட்டளை, வாசலில் நிற்பவரின் சொல்லுக்கும் பொருந்தும், கைபேசியில் வரும் சொல்லுக்கும் பொருந்தும்.

நாற்பது வீடுகள்

அந்த இளைஞரின் பொய் எடுபட்டதற்குக் காரணம் சகோதரியின் இரக்கம் அல்ல. பின் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தால், முதல் வார்த்தையிலேயே பொய் வெளிப்பட்டிருக்கும்.

அண்டை வீட்டார் என்றால் யார் என்று கேட்கப்பட்டபோது, முன்னும் பின்னும் வலமும் இடமும் நாற்பது நாற்பது வீடுகள் என்று ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்கள் விளக்கினார்கள். அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்கள் தம் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, பக்கத்து வீட்டு யூதருக்குக் கொடுத்தீர்களா என்று விசாரித்தார்கள். மதம் பார்க்காத இந்தப் பழக்கம் நம் தெருக்களில் எத்தனை வீடுகளில் இருக்கிறது?

நாற்பது வேண்டாம், முதலில் நான்கு வீடுகளிலிருந்து தொடங்குவோம். புதிதாகக் குடிவந்தவர் வீட்டுக்கு நாமே முதலில் போவோம். பெயரையும் தொலைபேசி எண்ணையும் பரிமாறிக்கொள்வோம். தனியாக இருக்கும் முதியவர்களை வாரம் ஒரு முறை எட்டிப் பார்ப்போம்.

அந்தச் சகோதரி இப்போது வெள்ளிக்கிழமை தோறும் பின் தெரு மூதாட்டிக்கு ஒரு கிண்ணம் குழம்பு அனுப்புகிறார். இனி அந்தக் கதவு தட்டப்பட்டால், வந்திருப்பது யார் என்று குரலிலேயே தெரிந்துவிடும்.

ஏமாற்றுவதிலிருந்தும் ஏமாறுவதிலிருந்தும், உண்மையான தேவையுள்ளவருக்குக் கதவை அடைப்பதிலிருந்தும் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக. ஆமீன்.