உப்பளத்தில் ஒரு குளிர்காலை

மும்பையில் ஸ்வெட்டர் போட ஜனவரியில் சில விடியல்கள் வாய்த்தால் அதிகம். அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கா, செம்பூர், தாராவி நண்பர்கள் சேர்ந்து பாண்டூப் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். கிழக்கு விரைவுச் சாலையைத் தாண்டினால் பம்பிங் ஸ்டேஷன். அதைச் சுற்றி உப்பளங்கள், குட்டைகள், அலையாத்திக் காடு, அப்பால் தாணே கழி.

பனிமூட்டம் விலக விலக, பாத்திகளில் நெடுங்கால் உள்ளான்கள் தெரிந்தன. ஊசிவால் வாத்துகள் தலையைத் தண்ணீருக்குள் விட்டு வாலைத் தூக்கி மேய்ந்துகொண்டிருந்தன. சேற்றுப் பருந்து ஒன்று தாழப் பறந்ததும் மொத்தக் கூட்டமும் எழும்பிவிட்டது.

ஓதம் வற்றிய சேற்றில் பூநாரைகள். அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து நீரை உறிஞ்சி, நாக்கால் வெளியே தள்ளுகின்றன. அலகோரத் தகடுகளில் பாசி தங்கிவிடுகிறது. அந்தப் பாசியின் நிறமிதான் இறகில் ஏறும் இளஞ்சிவப்பு. நகரத்தின் சாக்கடை நீர்தான் இங்கே அந்தப் பாசியைச் செழிக்க வைக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

“எங்க ஊருப் பக்கம் கூந்தன்குளத்துக்கும் இது வரும்லே. பறவை மிரளும்னு தீவாளிக்கு வெடிகூடப் போடமாட்டாவ” என்றார் தாராவி நண்பர். திருநெல்வேலிக் குடும்பம். தாணே கழி, கூந்தன்குளம் இரண்டுமே 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை.

ஆனால் தாணே கழி பூநாரைச் சரணாலயத்தின் எல்லைக்குள் உப்பளங்கள் எல்லாம் அடங்கிவிடவில்லை. 2024 செப்டம்பரில், காஞ்சூர்மார்க், பாண்டூப், முலுண்ட் பகுதிகளில் சுமார் 256 ஏக்கர் உப்பள நிலத்தைத் தாராவி மறுசீரமைப்புக்குத் தர மாநில அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தாராவியில் வீடு பெறத் தகுதியில்லை என்று ஒதுக்கப்படுபவர்களுக்கு அங்கே வாடகைக் குடியிருப்பு வருமாம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை இந்த ஊர் மறக்கக்கூடாது. மழைநீரைத் தாங்கும் தாழ்நிலத்தில் ஏழைகளைக் குடியேற்றுவது அவர்களுக்கும் அநியாயம், பறவைகளுக்கும் அநியாயம். தொழிலும் பள்ளிக்கூடமும் தாராவியில் இருக்க, வீடும் அங்கேதான் வேண்டும்.

பூநாரைகள் மே வரை இருக்கும். ஓத நேரம் பார்த்து, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். செம்பூர்க்காரர்களுக்குப் பூநாரை பார்க்க ஹார்பர் லைனில் சிவ்ரி இன்னும் பக்கம்.