கலங்கள் ஏன் சிறியனவாய் இருக்கின்றன?

யானையின் கலங்கள் எலியின் கலங்களிலும் பார்க்கப் பெரியனவா என்று மாணவர் வினவுவதுண்டு. இல்லை என்பதே விடை. பெரும்பாலான கலங்கள் இரு விலங்குகளிலும் ஏறத்தாழ ஒரே அளவினவே. யானையிடம் எண்ணிக்கைதான் மிகுதி. (நீங்கள் செல் என்றும் உயிரணு என்றும் படிப்பதையே ஈழத்துப் பாடநூல்கள் கலம் என்கின்றன. பாத்திரத்துக்கும் அதுவே பெயராதலால் நமக்கு இச்சொல்லே உவப்பானது.)

கலம் தனக்கு வேண்டிய ஒட்சிசனையும் உணவையும் தன்னைச் சூழ்ந்த மென்சவ்வினூடாகவே பெறுகின்றது. கழிவையும் அவ்வழியே அகற்றுகின்றது. சவ்வின் பரப்பை வாசலென்றும், உள்ளிருக்கும் கனவளவைப் பசித்த குடும்பமென்றும் கொள்வோம். பக்கம் 1 செ.மீ. உடைய கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர செ.மீ.; கனவளவு 1 கன செ.மீ. பக்கத்தை 10 செ.மீ. ஆக்கினால் மேற்பரப்பு 600, கனவளவோ 1000. குடும்பம் ஆயிரம் மடங்கு பெருக, வாசல் நூறு மடங்கே பெருகிற்று! போதாததற்கு, கலத்தினுள் பொருள்கள் பரவிச் செல்வதும் மெதுவாகவே. பத்து மடங்கு தூரத்தைக் கடக்க நூறு மடங்கு நேரம் வேண்டும். ஆகவே கலம் ஓரளவு வளர்ந்ததும் இரண்டாகப் பிரிகின்றது. கற்கண்டுக் கட்டி கரையுமுன் அதே நிறையுள்ள சீனி கரைந்துவிடுவதும் இக்கணக்கினாலேயே.

கோழி முட்டையின் மஞ்சட்கரு ஒரே கலந்தானே எனக் கெட்டிக்காரர் குறுக்கிடுவர். உண்மையே, ஆனால் அதன் பெரும்பகுதி சேமித்த உணவு. உயிர்த்தொழில் நிகழுமிடம் மேலேயுள்ள சிறு புள்ளி மட்டுமே. நமது நரம்புக் கலம் ஒரு மீற்றர் வரை நீளலாம். ஆயினும் நூலினும் மெல்லியது.

வடிவத்தினாலும் பரப்பைப் பெருக்கலாம். நமது செங்குருதிக் கலம் 7 முதல் 8 மைக்ரோமீற்றர் விட்டமுள்ள, இருபுறமும் குழிந்த தட்டு. அதே கனவளவுள்ள உருண்டையிலும் அதற்குப் பரப்பு அதிகம். அல் ஐன் வீதியோரம் நீங்கள் காணும் ஒட்டகத்தின் செங்கலமோ நீள்வட்டமானது. தாகித்த ஒட்டகம் சில நிமிடங்களில் 100 லீற்றர் நீரைக் குடித்துவிடும். குருதி நீர்த்து, செங்கலங்கள் இரு மடங்குக்கு மேல் ஊதினாலும் வெடிப்பதில்லை. அந்த அளவு ஊதினால் நமது கலங்கள் வெடித்துவிடும்.

பெற்றோருக்கும் இக்கணக்கில் ஒரு பங்குண்டு. வெப்பமும் மேற்பரப்பின் வழியாகவே உடலினுள் புகுகின்றது. உடல் நிறையோடு ஒப்பிடுகையில் சிறு பிள்ளையின் தோற்பரப்பு பெரியவரதிலும் அதிகம். யூலை, ஓகஸ்ட் மாதங்களில் வெளிக்காற்று நம் உடல் வெப்பத்தை விஞ்சும்போது பிள்ளையின் உடல் நம்முடையதிலும் விரைவாகச் சூடேறும். பூட்டிய காரினுள் நிலைமை இன்னும் கொடிது. "ஐந்து நிமிடந்தானே" என்று பிள்ளையைக் காரில் விட்டுக் கடைக்குள் நுழைவோரை இங்கும் காண்கின்றோம். தந்தைக்கு வியர்வை அரும்பும் நேரத்திலேயே பிள்ளையின் உயிருக்கு ஆபத்து நேர்ந்துவிடலாம்.